பிள்ளை இல்லையென்றால் இருவருமே சோதனைக்குப் போங்கள்

(மயிலாப்பூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி பற்றியெல்லாம் நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். கலியாணமாகி மூன்று வருஷமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்ற வேதனையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அந்த வீட்டுப் பெண்ணை வளைகாப்புக்கு அழைக்கமாட்டார்கள். மாமியார் ஜாடை பேசுவாள். கொஞ்ச நாளில், "பையனுக்கு இன்னொரு கலியாணம் பண்ணினால் என்ன?" என்ற பேச்சு கிளம்பும். அந்தப் பையனை யாராவது ஒரு டாக்டரிடம் காட்டினார்களா? கிடையாது!

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் விஷயத்தில் ஆணிடமும் குறை இருக்கிறது என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. ஆணுக்குச் செய்யும் முதல் சோதனையோ மிகச் சுலபமானது. கத்தி இல்லை, ஊசி இல்லை; விந்துவை ஒரு புட்டியில் கொடுத்தால் போதும். பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்க மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று பல உண்டு. சுலபமானதை விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் பெண்ணை மட்டும் அலையவிடுவது என்ன நியாயம்?

இதில் ஆலைக்கும் வயலுக்கும் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லாத்ரோப் என்ற ஊரில் பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, பலருக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்பது தெரியவந்தது. 1977-ல் தொழிற்சங்கத்தின் முயற்சியால் சோதனை நடந்தது. பலருக்கு விந்துவில் உயிரணு குறைந்திருந்தது. சிலருக்கு ஒன்றுகூட இல்லை. வேரைத் தின்னும் நுண்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்துதான் காரணம். அந்த மருந்து எலிகளின் விரையைச் சுருங்கச் செய்கிறது என்று கம்பெனிகளின் சொந்த ஆராய்ச்சியே 1961-ல் காட்டியிருந்தது! 1979-ல் அமெரிக்காவில் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை வந்தது. அதற்குள் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் அதே கதிக்கு ஆளாகிவிட்டார்கள். அந்தத் தொழிலாளிகள் வெட்கப்பட்டு மௌனமாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆகவே டாக்டரிடம் போகும்போது உங்கள் வேலையைச் சொல்லுங்கள். மருந்து தெளிக்கிறவரா, நாளெல்லாம் உலைக்கு முன்னால் அனலில் நிற்கிறவரா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பீடி, சாராயம் பற்றியும் மறைக்காதீர்கள்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. அது கருப்பையையும் கருக்குழாயையும் தாக்கும், இருமல்கூட இராது. நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். காற்றில்லாத ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் குடிசையில் யாருக்கு வரும் இந்த நோய்? காசநோய்க்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ, குழாய் கெடாமல் காப்பாற்ற அவ்வளவு வாய்ப்பு உண்டு.

வேண்டுதல் செய்கிறவர்களை நாம் கேலி செய்யவில்லை. முண்டகக்கண்ணி அம்மனிடம் வேண்டிக்கொள்கிற தாய், அப்படியே திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிக்கும் போய்வரட்டும். 1885-ல் பெண்களுக்காகவே தொடங்கிய ஆஸ்பத்திரி அது. எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியோ 1844-லிருந்து இருக்கிறது. ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் போகலாம். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போகவேண்டும்.

தி.நகர், அடையாறு சாலைகளில் கொழுகொழு குழந்தைப் படம் போட்ட பலகைகளைப் பார்க்கிறோம். சோதனைக்குழாய் முறை உண்மையான விஞ்ஞானம்தான். 1978-ல் இங்கிலாந்தில் முதல் குழந்தை பிறந்தது. 1986-ல் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா இதைச் சாதித்தது ஒரு முனிசிபல் ஆஸ்பத்திரியில் - கே.இ.எம். ஆஸ்பத்திரியில்! 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் அதைச் செய்து காட்டினார். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் லட்சக்கணக்கில் செலவாகும். முதல் தடவையே பலிக்கும் என்று நேர்மையான டாக்டர் எவரும் உறுதி கூறமாட்டார். தாலியை அடகு வைக்குமுன், "எங்கள் குறை என்ன, அதற்கு இந்த முறைதான் தேவையா?" என்று கேளுங்கள். மாத்திரையிலும் சிறு சிகிச்சையிலும் சரியாகிறவர்கள் அநேகர்.

இந்த வியாபாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2022-ல் ஈரோட்டில் பதினாறு வயதுப் பெண்ணின் கருமுட்டையைப் போலி ஆதார் அட்டை காட்டிப் பலமுறை விற்றது வெளிவந்தது. பெற்ற தாயே கைதானாள். 2021-ம் வருஷத்துச் சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண்தான் கருமுட்டை தானம் செய்யலாம். அதுவும் ஆயுளில் ஒரே தடவை. உங்கள் தெருவுக்குத் தரகர் வந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலியோடு லீவு வேண்டும் என்று ஆலைகளில் நாம் கேட்கப்போகிறோம். அந்த லீவு ஆணுக்கும் வேண்டும்!