கல்லூரிக்குப் போகிறோம், கணக்கும் கேட்கிறோம்

(கௌதள்ளியில் நடந்த சங்கக் கூட்டத்தில் கல்லூரி மாணவ மாணவியர் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இளைஞர்களும் கொஞ்சம் பேசட்டும்" என்று தலைவர் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அவர் பேசியது முக்கால் மணி நேரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்லூரியிலும் இதே கணக்குத்தான். ஜனநாயகம் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவு நடக்கும். முடிவில் "கேள்வி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே மைக்கை அணைத்துவிடுவார்கள். எனவே, கல்லூரியில் பார்ப்பதையும், பத்திரிகையில் படிப்பதையும், இந்தச் சங்கத்திடம் கேட்க வேண்டியதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

முதல் வகுப்பு பேருந்தில்

எங்கள் படிப்பு கல்லூரி வாசலில் தொடங்குவதில்லை. காலைப் பேருந்தின் படிக்கட்டில் தொடங்குகிறது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "பெண்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினால் பஸ் காசுக்கு எங்கே போவது?" என்ற பேச்சு அன்றோடு நம் வீடுகளில் அடங்கிற்று. அதற்காக அரசைக் கைதட்டிப் பாராட்டலாம். ஆனால் தட்டக் கை வேண்டுமே, இரண்டு கைகளும் கம்பியைப் பிடித்திருக்கின்றன. சீட்டு இலவசமாகக் கிடைத்தது. நிற்க இடம்தான் கிடைக்கவில்லை. அமாவாசை வந்துவிட்டால் பேருந்துகள் மாதேசுவரன் மலைப்பக்கம் திரும்பிவிடும். அன்று வருகைப் பதிவேட்டில் எங்களுக்கு விழும் ஆப்சென்ட்டை மாதப்பன்தான் மன்னிக்க வேண்டும்.

தொங்கிக்கொண்டாவது போய்ச் சேர்ந்தால், படிப்பு எத்தனை ஆண்டு என்பதிலேயே குழப்பம். 2021-இல் புதிய கல்விக் கொள்கை என்றார்கள், பட்டப்படிப்பை நான்கு ஆண்டாக நீட்டினார்கள். 2024-இல் ஆட்சியின் எண்ணம் வேறு. மீண்டும் மூன்று ஆண்டு. ஒரே வீட்டில் அக்கா ஒரு திட்டம், தம்பி ஒரு திட்டம். சாமராஜநகருக்கென்று 2023-இல் தனிப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். 2025-இல் அமைச்சரவைத் துணைக்குழு புதிய பல்கலைக்கழகங்களில் ஒன்பதை மூடிவிடலாம் என்று பரிந்துரைத்தது; அந்தப் பட்டியலில் எங்கள் மாவட்டத்துப் பெயரும் இருந்தது. கட்டடம் எழுமுன்னே கதவைச் சாத்தும் பேச்சு! கூலியிலிருந்து பணம் கட்டும் வீட்டுக்கு ஓர் ஆண்டு கூடுவதும் குறைவதும் வெறும் கொள்கை அல்ல. அது ஓர் ஆண்டுச் சோறு.

எங்களுக்கு எந்த ஊர்?

கல்லூரியில் முதல் நாள் எல்லோரும் கேட்பது, "எந்த ஊர்?" கௌதள்ளி என்றால் அடுத்த கேள்வி, "வீரப்பன் ஊர்ப்பக்கமா?" அவர் இறந்தது 2004 அக்டோபர் 18. இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அன்று பிறக்கவே இல்லை. பிறக்கு முன்பே எங்களுக்கு ஒரு வழக்கு இருந்திருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: "நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள்?" சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அவர்கள் பதில் சொல்லலாம். எங்கும் போகாமல் இங்கேயே இருந்த குடும்பங்கள் என்ன சொல்வது? 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு கொள்ளேகாலம் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போய்க் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1973-இல் அந்த மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தது. பின்னர் ஹனூர் தனித் தாலுகா ஆயிற்று. தாத்தா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய முகவரி மட்டும் ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தது.

இப்போது அந்த வீட்டுப் பிள்ளை வேலை தேடித் திருப்பூர் போனால் அங்கே அவன் "கர்நாடகாக்காரன்". இங்கே கல்லூரிக்கு வந்தால் "தமிழன்"; கோபம் வந்தால் "கொங்கா". நவம்பர் 1 ராஜ்யோத்சவ விழாவில் எங்கள் தெருப் பெண் கன்னடப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். கோப்பையைக் கொடுத்த விருந்தினர், "இதுவே கன்னடத்து மகளின் குரல்" என்று மெச்சினார். அவள் மேடையிலிருந்து இறங்கி அம்மாவுக்குப் போன் போட்டுத் தமிழில் சொன்னாள். போனை வைப்பதற்குள் அவள் மாநிலம் மாறிவிட்டது.

கேன்டீனில் ஒரு மொழியியல் மாநாடு

செய்தித்தாளில் எது வந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். 2025 மே மாதம் சென்னையில் ஒரு பட விழாவில் நடிகர் கமல்ஹாசன் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று பேசினார். அவருடைய படம் ஜூன் 5 அன்று மற்ற இடங்களில் வெளிவந்தது, கர்நாடகத்தில் வரவில்லை. கும்பல் மிரட்டலுக்குப் படத்தை நிறுத்தக் கூடாது என்று ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அதற்கிடையில் எங்கள் கேன்டீனில் நாள்தோறும் மொழியியல் மாநாடு. இரு தரப்பிலும் பேசியவர்களில் பலர் மொழிப்பாடத்தில் பாக்கி வைத்திருப்பவர்கள். 1856-இலேயே கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிவிட்டார். பழைய திராவிட மூலமொழி ஒன்றிலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள் இவை என்பது அறிஞர்கள் ஏற்ற செய்தி. அக்கா தங்கைக்குள் யார் யாருக்குத் தாய் என்று வழக்குப் போட்டால் எந்தக் கோர்ட்டில் தீர்ப்புக் கிடைக்கும்?

காவிரி என்றால் சிரிப்பு நின்றுவிடும். 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்; 2016 செப்டம்பர் 12 அன்று பேருந்துகள் எரிந்ததைச் சிறுவர்களாகத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எரிந்தவை எவையும் அணையைத் திறக்கவோ மூடவோ அதிகாரம் உள்ளவர்களின் வீடுகள் அல்ல. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. என்று பிரித்துக் கொடுத்தது. அந்தத் தண்ணீரில் ஒரு குடம்கூட எங்கள் சோளக் காட்டுக்கு வராது. நாங்கள் மானாவாரிக்காரர்கள், எங்கள் வயலுக்கு வானம்தான் நடுவர் மன்றம். இருந்தாலும் தீர்ப்பு வரும் நாளில் "உங்களுக்குத்தானே தண்ணீர் போகிறது" என்று வகுப்பில் எங்களைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கோடும் உரிமையும் ஒரே நாளில் வந்தவை

இனி நம் வீட்டுக் கணக்கு. எங்கள் கையில் இருக்கும் இந்தத் தாளைப் பாருங்கள். பேசுவது தமிழ், எழுதியிருப்பது கன்னட எழுத்தில். எங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். இந்த உரையைச் சங்கத்தின் மாத இதழ் தமிழில் அச்சிடும். பேசிய நாங்கள் அதை அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்போம். இன்னும் இருபது ஆண்டில் இந்த இதழைப் படிக்க யார் இருப்பார்கள் என்று ஆசிரியர் குழு யோசித்ததுண்டா?

இது விதி என்று நினைக்க வேண்டாம். மாநில எல்லையை மாற்றிய அதே 1956 நவம்பர் 1 அன்று அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. அதில் பிறந்தது 350-ஏ பிரிவு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கும் முன்பே, 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவு சொல்லியிருந்தது: ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் அந்த மொழிப் பிள்ளைகள் இருந்தால் ஓர் ஆசிரியர் தர வேண்டும். கோடு போட்டவர்கள் கோட்டின் இந்தப் பக்கம் நிற்பவர்களையும் நினைத்துத்தான் போட்டார்கள். கோட்டை அரசு நினைவில் வைத்தது. உரிமையை நாம் மறந்தோம். பத்துப் பேரின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு மனுக் கொடுக்க எத்தனை முறை போனோம்?

2025 செப்டம்பர் 22-இல் மாநில அரசின் சமூக, கல்விக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஆசிரியர்கள் வீடு வீடாக வந்து தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். தமிழ் என்று சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமோ என்று அம்மாக்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். தாய்மார்களே, மொழியைச் சொன்னதற்காக எந்தக் கார்டும் போகாது. 2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம். சொன்னதால்தான் அந்த எண் இருக்கிறது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று சொல்லுங்கள். தெரிந்த பிற மொழி என்ற இடத்தில் கன்னடம் என்று பெருமையாகச் சொல்லுங்கள். இரண்டுமே உண்மை.

தாளவாடியை மறக்கக் கூடாது

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே 1956-இல் கன்னடம் பேசும் தாளவாடி சென்னை மாநிலத்திலேயே நின்றுவிட்டது. இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. கன்னடத் திரையுலகின் தலைமகன் ராஜ்குமார் அந்தப் பக்கத்துத் தொட்டகாஜனூர்க்காரர்தான். 2006-இல் தமிழ்நாடு பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றப் படியேறின. 2015-இல் கர்நாடகம் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. இங்கே நாம் முணுமுணுக்கிறோம். மாநில மொழியைக் கற்பதில் நமக்கு மறுப்பில்லை. அதில் பரிசும் வாங்குகிறோம். தாய்மொழிக்கும் ஒரு மணி நேரம் வேண்டும் என்கிறோம். கௌதள்ளித் தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்பதைத் தாளவாடிக் கன்னடப் பிள்ளைக்கும் கேட்காவிட்டால், நம் கோரிக்கையில் பாதி பொய்.

நாங்கள் கேட்பது

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு மேடை, மாலை, ஒலிபெருக்கி என்று ஆகும் செலவு எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு பகுதியை எங்களிடம் கொடுங்கள். வாரம் மூன்று மாலை தமிழ் எழுத்து வகுப்பு வேண்டும். ஒரு சிறு படிப்பகம் வேண்டும். அதில் தமிழ்ப் பத்திரிகையும் கன்னடப் பத்திரிகையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்று, விடுதி மனு ஆகியவற்றைக் கன்னடத்தில் எழுதித் தரும் வேலையை நாங்கள் இலவசமாகச் செய்கிறோம். அந்தப் படிப்பை நீங்கள் போட்ட கூலியில்தான் படித்தோம். பதிலுக்கு, தமிழ் தெரிந்த பெரியவர்கள் எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தாருங்கள். கொடுத்து வாங்கும் கணக்கு. ஒருவருக்கு ஒருவர் கடன் இல்லை.

பத்துப் பிள்ளைகளின் பெயர் எழுதிய மனு இதோ இருக்கிறது. ஆசிரியர் கேட்டு எழுதியிருக்கிறோம். பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. கூட்டம் கலையுமுன் மேடைக்குப் பக்கத்தில் வந்து போடுங்கள், கைநாட்டும் செல்லும்.