மாவு சேராத ஃபலாஃபெல்

எகிப்து தேசத்தில் ஃபாவா அவரையைக் கொண்டும், சிரியா, லெபனான், பாலஸ்தீனம் முதலிய பிரதேசங்களில் வெள்ளைக் கொண்டைக்கடலையைக் கொண்டும் ஜனங்கள் விரும்பிச் செய்து உண்ணும் ஃபலாஃபெல் என்னும் பண்டம், பாலும் முட்டையும் மாமிசமும் வேண்டாமலே வயிற்றையும் மனத்தையும் ஒருங்கே திருப்தி செய்யும் உத்தமமான ஆகாரமாகும்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள, சிலருக்கு ஒவ்வாத குளூட்டன் என்னும் புரதம் கடலையில் இயற்கையாகவே இல்லை. ஆயினும், வேகவைத்த கடலையை அரைப்பவர்கள், அது எண்ணெயில் உதிர்ந்து போவதைக் கண்டு, கோதுமை மாவைச் சேர்த்துவிடுவதுதான் சங்கடம். மசால் வடைக்குப் பருப்பை ஊறவைத்துப் பச்சையாகவே அரைப்பதுபோல, உலர்ந்த கடலையை 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, வெங்காயம், பூண்டு, கொத்தமல்லித் தழை, பார்ஸ்லி, சீரகம், உப்பு ஆகியவற்றோடு கொரகொரப்பாக அரைத்து, ஒரு மணி நேரம் குளிரவைத்து உருட்டினால், கடலையின் மாச்சத்தே சூட்டில் இறுகி உருண்டையைப் பிணைத்துக்கொள்ளும்.

எண்ணெயைக் குறைக்க விரும்புவோர், உருண்டைகளைச் சற்றே தட்டி, எண்ணெய் தடவி, 200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஓவனில் வைத்து, இருபுறமும் சிவக்க எடுக்கலாம். எலுமிச்சைச் சாறும் பூண்டும் கலந்த எள் விழுதைத் தொட்டுக்கொண்டு, ரொட்டிக்குப் பதிலாக லெட்யூஸ் இலையில் பொதிந்து உண்பது சிரேஷ்டம்.

பொரிப்பதானால், கோதுமைப் பலகாரம் பொரித்த எண்ணெயைத் தவிர்ப்பது அவசியம். குளூட்டன் ஒவ்வாத ஒருவரும் மற்றவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து, அதே உணவை அச்சமின்றி உண்ணச் செய்வதே விருந்தோம்பலின் லட்சணம்.