ஊதி முடித்த பின் ஐந்து நிமிடம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், இசை அறையைக் கவனித்துவரும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை முன்னிட்டுப் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு, கொழும்பிலிருந்தும் கடல் கடந்த ஊர்களிலிருந்தும் நமது சகோதரிகள் எழுதுகிறார்கள். பலர் கேட்பது ஒன்றுதான்: “பிள்ளைகளுக்கு மெலோடிக்கா வாங்கித் தரட்டுமா?” தாராளமாகத் தரலாம். கையில் முதன்முதலாக ஒரு வாத்தியம் வைத்துப் பழகும் பிள்ளைக்கு அதைவிட இலகுவான காற்று வாத்தியம் குறைவு. புல்லாங்குழலில் சத்தம் வரவே பல நாள் பிடிக்கும். மெலோடிக்காவில் கட்டையை அழுத்தி ஊதினால் முதல் நாளே சுரம் வந்துவிடும். ஆனால் வாங்குவதோடு காரியம் முடிவதில்லை. வாங்கியதை எப்படி வைத்திருப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இது ஏதோ பொருளைப் பாதுகாக்கும் சிக்கனப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பிள்ளை ஊதுகிறாள். ஒரு சுரம் வரவில்லை, அல்லது சற்று இறங்கிக் கேட்கிறது. கைதேர்ந்த கலைஞர் என்றால் வாத்தியத்தில் கோளாறு என்று உடனே சொல்லிவிடுவார். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அது தெரியாது. தனக்கு மூச்சுப் போதவில்லை, தன் காது சரியில்லை, தனக்கு இசை வராது என்று எண்ணிக்கொள்வாள். இரண்டு வாரத்தில் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவாள். யாரும் அவளை விரட்டவில்லை. உள்ளே காய்ந்துபோன எச்சில்தான் விரட்டியது. நல்ல நிலையில் உள்ள வாத்தியம் தேர்ந்தவரைவிடப் புதியவளுக்கே அதிகம் தேவை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்ன உலோக நாக்கு. அதைத்தான் ரீட் என்கிறோம். ஒரு முனை தட்டில் அறையப்பட்டிருக்கும். மறுமுனை ஓர் ஒடுங்கிய துவாரத்தின் மேல் சும்மா நிற்கும். கட்டையை அழுத்தும்போது அந்தத் துவாரத்துக்குக் காற்று வழி திறக்கிறது. நாக்கு துடிக்கிறது, சுரம் பிறக்கிறது. பாடசாலைகளில் அதிகம் காணப்படும் 32 கட்டை மெலோடிக்காவில் இப்படி 32 நாக்குகள். நீண்ட நாக்குக்குத் தாழ்ந்த சுரம், குறுகியதற்கு உயர்ந்த சுரம். பஜனையில் கேட்கும் ஆர்மோனியமும், அப்பாமார் சட்டைப்பையில் வைத்திருந்த மவுத் ஓர்கனும், அக்கோர்டியனும் இதே குடும்பம். ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபேன் காப்புரிமை பெற்றார். மெலோடிக்காவை 1950களின் இறுதியில் ஜேர்மனியின் ஹோனர் நிறுவனம் அந்தப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஜப்பானில் யமஹாவும் சுசுகியும் தங்கள் தங்கள் பெயரில் செய்ய, அது பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியமாகிவிட்டது.

நமக்குத் தெரிந்த இன்னொரு ரீட் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாகசுரம் வாசிக்க வருபவரைக் கவனித்திருப்பீர்கள். தொடங்குமுன் சீவாளியை வாயில் வைத்து நனைப்பார். மாற்றுச் சீவாளிகள் வாத்தியத்தில் கயிற்றில் தொங்கும். சீவாளி நாணலால் ஆனது. அதற்கு ஈரம் வேண்டும். காய்ந்தால் சத்தம் வராது. மெலோடிக்காவின் நாக்கு பித்தளை போன்ற உலோகம். அதற்கு ஈரம் ஆகாது. இரண்டும் ரீட் என்றாலும் பராமரிப்பு நேர் எதிர். இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மேலும், நாம் இருப்பது தலவாக்கலையில். ஏறத்தாழ 1200 மீற்றர் உயரம். தென்மேல் பருவத்தில் நாட்கணக்கில் மழையும் பனிமூட்டமும். காலையில் அலுமாரியிலிருந்து எடுக்கும் மெலோடிக்கா தொட்டால் சில்லென்று இருக்கும். நம் மூச்சோ சூடும் ஈரமும் உள்ளது. சூடான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டதும், குளிர் காலையில் கண்ணாடி ஜன்னலில் படிவதைப் போல, நீர் துளித்துவிடும். நாக்கின் மேல் ஒரு துளி நீர் நின்றாலே அதன் பாரம் கூடி சுரம் இறங்கும்; சில வேளை ஊமையாகிவிடும். ஆக, பிள்ளை எச்சில் விட்டதால் மட்டும் ஈரம் சேர்வதில்லை. வெறும் மூச்சே போதும். கொழும்பில் இருக்கும் பிள்ளையைவிட நம் பிள்ளைக்கு இந்தத் தொல்லை அதிகம்.

ஈரத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. கொழுந்தை வாட்டி, அரைத்து, கடைசியில் நூற்றுக்கு 3 பங்களவு ஈரம் மிஞ்சும்வரை காயவைத்தால்தான் தேயிலை நிற்கும் என்று தொழிற்சாலையில் வேலை செய்த எந்த அப்பாவும் சொல்வார். காய்ந்த தேயிலையைத் திறந்து வைத்தால் பனி குடித்துக் கெட்டுவிடும் என்றும் சொல்வார். அதே கவனம்தான் இங்கேயும் வேண்டும். ஒரேயொரு வித்தியாசம்: மெலோடிக்காவை அடுப்புச் சூட்டிலோ வெயிலிலோ காயவைக்கக் கூடாது. பிளாஸ்டிக் உடல் வளைந்துவிடும், காற்று கசியும்.

ஊதுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பது. இடைவேளையில் சீனி போட்ட பிளேன்டியும் பிஸ்கட்டும் சாப்பிட்ட வாயோடு ஊதினால், சீனியும் துகள்களும் குழாய் வழியே உள்ளே போகும். சீனி ஒட்டும், எறும்பும் கரப்பானும் தேடி வரும். ஒரு பிஸ்கட் துகள் நாக்குக்கும் துவாரத்துக்கும் நடுவே அகப்பட்டால் அந்தச் சுரம் அவ்வளவுதான். இரண்டாவது, குளிர்ந்த வாத்தியத்தை ஐந்து நிமிடம் மடியில் வைத்து, சுவெட்டருக்குள் அணைத்து, கொஞ்சம் சூடேற விடுவது.

ஊதும்போது பலம் காட்டக் கூடாது. விளையாட்டு மைதானத்தில் நிற்கும்போது எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று பிள்ளைகள் முழுப்பலத்தோடு ஊதுவார்கள். அளவுக்கு மீறி ஊதினால் சுரம் சற்று இறங்குமே தவிர இனிமை கூடாது. நாளடைவில் நாக்கு சோர்ந்து வெடித்துவிடும். நுனிநாக்கால் ‘து’ என்று மெதுவாகத் தொடங்கி, மூச்சை ஒரே சீராக விடுவதே போதும். சத்தம் கூட வேண்டுமென்றால் ஊதும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இனி, ஊதி முடித்த பின் வரும் அந்த ஐந்து நிமிடம். பயிற்சி முடிந்ததும் மணி அடிக்கும். வீட்டுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். பெட்டியை மூடிவிட்டு ஓடுவார்கள். மூடிய பெட்டிக்குள் ஈரம் இரவு முழுக்க நாக்குகளின் மேல் இருக்கும். செம்புக்குடத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பு அங்கேயும் பிடிக்கும். குடத்தைப் புளி போட்டுத் துலக்கலாம். ரீட்டைத் துலக்க முடியாது. சுரண்டினால் அதன் பாரம் மாறி சுருதியும் மாறிவிடும். ஆகவே பயிற்சியை ஐந்து நிமிடம் முன்னதாகவே முடிக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை இவை.

வாத்தியத்தின் ஒரு முனையில் நீரை வெளியேற்றும் சின்னப் பொத்தான் இருக்கும். அந்த முனையைக் கீழே சரித்து, அடியில் ஒரு துணியைப் பிடித்து, பொத்தானை அழுத்தியபடி, கட்டை எதையும் அழுத்தாமல் நான்கைந்து தடவை ஊதுங்கள். துணி நனைவதைக் காண்பீர்கள். பிறகு குழாயைக் கழற்றி உதறித் தொங்கவிடுங்கள். கட்டைகளை மெல்லிய துணியால் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட், பெற்றோல் எதுவும் பிளாஸ்டிக்கில் படக் கூடாது. பெட்டியை உடனே மூடாமல், காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். வாரம் ஒருமுறை குழாயையும் மவுத்பீஸையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம். வாத்தியத்தின் உடலை ஒருபோதும் தண்ணீரில் நனைக்க வேண்டாம்.

பாடசாலை வாத்தியம் ஒருத்திக்குச் சொந்தமில்லை. காலையில் தரம் 6 பிள்ளை ஊதியதைப் பகலில் தரம் 8 பிள்ளை ஊதுவாள். ஆகவே மவுத்பீஸும் குழாயும் ஒவ்வொருத்திக்கும் தனியே இருக்க வேண்டும். தடிமனும் இருமலும் ஓயாத ஊரில் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கொவிட் காலத்தைக் கடந்து வந்த நமக்கு, ஒருவர் மூச்சு இன்னொருவருக்கு எப்படிப் போகும் என்பது நன்றாகத் தெரியும். மவுத்பீஸில் பிளாஸ்டர் துண்டு ஒட்டிப் பெயர் எழுதி, ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோவாள். வாத்தியம் பாடசாலையில் இருந்தாலும், இது என்னுடையது என்று சொல்ல அவள் கையில் ஒன்று இருக்கும். லயத்தில் இருந்து பழகுவதற்கு, அட்டையில் கட்டைகளை உண்மை அளவில் வரைந்து கொடுங்கள். விரல்கள் அதில் பழகட்டும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் தூங்கட்டும்.

தவணைக்கு ஒருமுறை எல்லா வாத்தியத்தையும் சோதிக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு மெலோடிக்காக்களில் ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் ஊதுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் சத்தம் அசையாமல் நிற்கும். ஒன்று விலகியிருந்தால் சத்தம் ‘வவ்... வவ்...’ என்று ஏறி இறங்கும். வினாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் இரண்டுக்கும் 2 ஹேர்ட்ஸ் வித்தியாசம். எது பிழை என்று அறிய மூன்றாவது வாத்தியத்தோடு ஒப்பிடுங்கள். இதைப் பிள்ளைகளே செய்யட்டும். காது கூர்மையாகும். அதைவிட முக்கியம், கோளாறு வாத்தியத்திலும் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் அறிந்துகொள்வார்கள். கண்டதை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்: எந்தக் கட்டை, எந்தத் திகதி.

ஒரு சுரம் ஊமையானால், முதலில் நீரை வெளியேற்றி ஒரு நாள் காயவிடுங்கள். பெரும்பாலும் திரும்பிவிடும். வராவிட்டால் பெரியவர் ஒருவர் பின்மூடியைத் திறக்கலாம். கழற்றும் ஸ்குரூ ஆணிகளை, இருந்த வரிசைப்படியே ஒரு தாளில் குத்தி வையுங்கள். நாக்கின் சும்மா நிற்கும் நுனிக்குக் கீழே மெல்லிய காகிதத்தை மெதுவாக நுழைத்து எடுத்தால் துகள் வந்துவிடும். ஊசியால் குத்தவோ பக்கவாட்டில் தள்ளவோ வேண்டாம். சுருதி திருத்துவதற்கு நாக்கை அரம் கொண்டு தேய்ப்பார்கள். நுனியில் தேய்த்தால் ஏறும், அடியில் தேய்த்தால் இறங்கும். தேய்த்த உலோகம் திரும்ப வராது என்பதால் அதை ஆர்மோனியம் திருத்துபவரிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, உதவி செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பத்து மெலோடிக்கா அனுப்ப நினைத்தால் எட்டு அனுப்புங்கள். மிச்சக் காசில் மேலதிகக் குழாய்களும் மவுத்பீஸ்களும் வாங்குங்கள். எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். அப்போதுதான் ஒன்றின் குழாய் மற்றதற்குப் பொருந்தும். பருத்தித் துணிகள், ஒரு நல்ல ஸ்குரூ டிரைவர், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், இவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி வைக்க ஒரு மரச்சட்டம் செய்து தந்தால், அதுவும் இசைக்குச் செய்யும் உதவிதான். கல்லில் பெயர் பொறிக்கக்கூடிய அன்பளிப்புகள் அல்ல இவை. ஆனால் இவை இருந்தால், அடுத்த வருடம் தரம் 6க்கு வரும் பிள்ளை முதல் நாள் ஊதும்போது 32 கட்டையும் பேசும்.

முன்வரிசைப் பிள்ளைகளே, கூட்டம் முடிந்ததும் நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள். வாசித்து முடித்ததும் ஓடிவிடாதீர்கள். துணிகள் கொண்டுவந்திருக்கிறோம், அக்காமார் ஒவ்வொருவரும் உங்களில் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஐந்து நிமிட வேலையைச் சேர்ந்து செய்வோம்.