விவசாயி என்றால் யார்?

(தாம்பரம் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியது)

முடிச்சூரில், இன்று வீட்டுமனைகளாகிவிட்ட வயல்களில் என் அம்மா கூலிக்குக் களை பறித்தவர். எங்களுக்கென்று நிலம் இருந்ததில்லை.

2022 அக்டோபரில் ஒன்றிய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, மரபணு மாற்றிய கடுகு ஒன்றுக்குப் பரிந்துரை தந்தது. களைக்கொல்லி தெளித்தாலும் அது சாகாது. விதை உற்பத்திக்கு மட்டும்தான் அந்த மருந்து என்கிறது அரசு. விதை வயலுக்குப் போனபின் யார் போய்ப் பார்ப்பது? கடுகு வடக்கே விளைவது. இதே தன்மை நாளை நம் பருத்திக்கும் வரலாம். அப்போது போவது களை பறிக்கும் பெண்களின் கூலி. மருந்து டேங்கை முதுகில் சுமக்கப்போவதும் அதே தெருதான். எந்தத் தெரு என்று உங்களுக்குத் தெரியும்.

உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப நிபுணர் குழுவே 2013இல், களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியாவுக்குப் பொருந்தாது என்றது. கிராமப்புற வாழ்வாதாரத்தையும் காரணம் காட்டியது. 2024 ஜூலையில் கடுகு வழக்கில் நீதிபதிகள் இருவரும் மாறுபட்டார்கள். ஆனால் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும், விவசாயிகளின் பிரதிநிதிகளையும் கலந்து அதை உருவாக்குங்கள் என்பதில் ஒன்றுபட்டார்கள்.

விவசாயி என்றால் பட்டா வைத்திருப்பவர் மட்டுமா? பாதுகாப்பு என்பது சாப்பிடுகிறவருக்கு மட்டுமா? களை பறிக்கும் பெண்ணுக்கும் அந்த மேசையில் இடம் கேட்போம்.