பிரம்பால் கல்வி வருமா?

(மக்தப் உஸ்தாதுகள், ஜமாஅத் நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நல்ல உஸ்தாத் யார் என்று நிர்வாகிகளிடம் கேட்டால், "அவர் வந்தாலே பிள்ளைகள் கப்சிப்" என்கிறார்கள். சத்தம் இல்லாத வகுப்பெல்லாம் பாடம் ஏறிய வகுப்பாகி விடுமா?

ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகள் சிலரிடம் ஈட்டுத்தொகை கொடுக்கப் பணம் இல்லை. அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதையே ஈட்டுத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள். இதை மேடைதோறும் சொல்கிறோம். முஸ்னத் அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அதே செய்தியின் பிற்பகுதியை மட்டும் விட்டு விடுகிறோம். ஒரு சிறுவன் அழுதுகொண்டே தந்தையிடம் வருகிறான். கற்றுக் கொடுப்பவர் அடித்து விட்டாராம்! பத்ருக்குப் பழி தீர்க்கிறான் என்று கொதித்த தந்தை, அவனிடம் இனி போகவே கூடாது என்று மகனை நிறுத்தி விட்டார்.

அடித்தவருக்குப் பழைய பகை இருந்தது. நமக்கு நம் பிள்ளைகளோடு என்ன பகை?

பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லும் ஹதீஸை உடனே எடுத்து வருவார்கள். அது தொழுகை பற்றியது, பெற்றோருக்குச் சொன்னது, பத்து வயதுக்குரியது. ஆறு வயதுப் பிள்ளை சபக்கை மறந்ததற்கு அதை ஆதாரமாக்குவது எந்தக் கிதாபில் இருக்கிறது?

தொழுகைக்கு நடுவே பேசி விட்ட முஆவியா பின் ஹகம் (ரலி) அவர்களை நபியவர்கள் அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகை முடிந்ததும் விளக்கினார்கள். அப்படி ஓர் ஆசிரியரைக் கண்டதே இல்லை என்று அவரே சொன்னது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

அடிக்குப் பயந்த பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து வாயசைக்கும். "தெரியலை ஹஜ்ரத்" என்று சொல்லாது. ஸீனும் ஸாதும் அதன் நாவில் ஒன்றாகிப் போவது உஸ்தாதின் காதில் எப்படி விழும்? தனியாக ஓத விட வேண்டும். தடுக்கும் எழுத்தை உஸ்தாதே ஓதிக் காட்டி, திரும்ப ஓத விட வேண்டும். கடுமை பிள்ளையைப் பொய்க்கும் சோம்பலுக்கும் தள்ளும் என்று இப்னு கல்தூன் 1377-ல் எழுதி முடித்த முகத்திமாவிலேயே விளக்கி விட்டார்.

நிர்வாகிகளே! அறுபது பிள்ளைகளுக்கு ஒரே உஸ்தாத், ஒரு மணி நேரம் என்றால் தலைக்கு ஒரு நிமிடம். அவர் பிரம்பை எடுக்காமல் என்ன செய்வார்? பந்தலுக்கு ஆகும் செலவில் இன்னொரு உஸ்தாதை நியமிக்க முடியாதா?

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடிப்பதைத் தடுத்தது. 2012 திருத்தம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. அது பிரம்புக்குக் கிடைத்த விலக்கல்ல!

ஷவ்வாலில் மக்தப் திறந்ததும், நிர்வாகிகள் ஒரு நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எத்தனை பிள்ளைகள் தனியாக ஓதினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் வையுங்கள்.