மறைந்த சேற்று நிலங்கள்

உதகையின் பேருந்து நிலையத்தில் இறங்குவோர் ஏரியின் மீதே இறங்குகின்றனர் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது உண்மையே. ஜான் சல்லிவன் 1823ஆம் ஆண்டுக்கும் 1825ஆம் ஆண்டுக்கும் இடையே ஓடையை மறித்து அமைத்த ஏரி, இன்று நாம் காணும் ஏரியினும் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் அதன் பரப்பில் எழுந்தவை. ஏரிக்காவது ஏட்டில் இடம் உண்டு. ஏட்டில் ஏறாமலே மறைந்த சேற்று நிலங்களை எவ்வாறு கண்டுகொள்வது?

நீலகிரியில் இரு புல்மேடுகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் நீர் தங்கும். அங்கு மடியும் செடிகொடிகள், குளிரிலும் நீரிலும் முற்றும் மக்காமல் கரிய மண்ணாகப் படியும். அம்மண் மழைநீரை வாங்கி வைத்துக் கோடையில் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் அவர்தம் துணைவர்களும் அதன் அடுக்குகளிலுள்ள கரியைச் சோதித்து, இருபதாயிரம் ஆண்டுகளின் மழையையும் வறட்சியையும் 1993இல் எடுத்துரைத்தனர். உழுத நிலத்தில் அந்த அடுக்குகள் கலைந்துவிடுகின்றன.

கேத்தி, பாலாடாப் பக்கத்துக் கேரட் தோட்டங்களில் நடக்கும்போது நான் முதலில் மண்ணைப் பார்ப்பேன். சரிவு செம்மண்ணாகவும் பள்ளம் மட்டும் கருமண்ணாகவும் இருப்பின் ஐயம் எழும். வளைந்தோட வேண்டிய ஓடை கயிறு பிடித்தாற்போல் நேராக ஓடினால் ஐயம் வலுக்கும். வாய்க்கால் ஓரத்தில் கோரை முளைத்திருந்தால் பின் வேறு சாட்சி வேண்டியதில்லை. "எத்தனை முறை பிடுங்கினாலும் வருகிறது, ஐயா" என்று உழவர் அலுத்துக்கொள்வார். பாவம், அவர் பிடுங்குவது களையன்று, பழைய குடியானவனை!

விண்ணிலிருந்து எடுத்த படங்களும் உதவும். மார்ச்சு மாதத்தில் மேடுகள் மஞ்சளாகும். சேறு பசுமையாகவே நிற்கும். ஆனால் நீர் பாய்ச்சிய தோட்டமும் அன்று பசுமையே. நானே ஒருமுறை முட்டைக்கோசுப் பாத்தியைச் சதுப்பென்று குறித்துவிட்டேன்! மாதந்தோறும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்: அறுவடை முடிந்ததும் தோட்டம் வெறும் மண்ணாகும்; சேறு ஆகாது.

தைலமரமும் சீகை மரமும் மூடிய இடங்களில் படமும் கைவிரிக்கும். அங்கு முதியோரைத்தான் நாட வேண்டும். தோடர் தம் கோயில்களுக்கு வேயும் புல், தாவர அறிஞர் ரங்காச்சாரியாரின் பெயர் தாங்கிய புல். இம்மலைச் சேறுகளில் அன்றி வேறெங்கும் வளராது. அது அறுத்த இடம் சேறாகவே இருந்திருக்கும்.

தோடர் பெரியவர் ஒருவர் தைலமரத் தோப்பொன்றைச் சுட்டி, "எங்கள் பாட்டனார் இங்கேதான் புல் அறுத்தார்" என்றார். அவருடன் இறங்கிப் பார்த்தேன். சருகை விலக்கினால் கரிய மண். ஓரத்தில் மூன்று கோரைக் கொத்துகள். கோயில் கூரைக்கான புல்லை இப்போது இரண்டு மலை தாண்டிச் சென்று கொணர்கிறார்களாம். அதுவும் ஒரு கட்டுக் குறைந்தது என்றார்.