சாம்பலுக்கும் வயலுக்கும் நடுவே
(நெய்வேலியில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

சாம்பல் என்றால் என்ன என்று நெய்வேலித் தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது, மிஞ்சுவது சாம்பல்.

இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தில் இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக் கழகம். அங்குள்ள பூச்சியியல் ஆசிரியர்கள் 1990-களில் இந்தச் சாம்பலைப் பயிர்மீது தூவி ஆராய்ந்தார்கள். சாம்பலிலே மணலைப் போன்ற சிலிக்காத் துகள்கள் உண்டு. சாம்பல் படிந்த இலையைக் கடிக்கிற புழுவின் தாடை தேய்ந்துபோகிறது. தாடை தேய்ந்தால் எப்படித் தின்னும்? பட்டினிதான்!

நல்ல விஷயம். ஆனால் ஆய்வு பலித்தவுடனே கடைக்குச் சரக்கு வந்துவிடுமா? வராது, தோழர்களே. ஆசிரியர் தாண்ட வேண்டிய வேலிகள் பல.

முதல் வேலி சட்டம். 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் எதையும் பூச்சி மருந்தென்று விற்க முடியாது. மனிதனுக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் தீங்கு உண்டா என்று சோதித்துக் காட்ட வேண்டும். இது வேண்டாத கெடுபிடி என்று நான் சொல்ல மாட்டேன். சாம்பல் தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். வயலில் தூவப் போகிறவர் விவசாயத் தொழிலாளி. சோதனை அவசியம். ஆனால் அதற்கான செலவு யாருடையது? வாத்தியார் சம்பளத்திலிருந்தா?

இரண்டாவது வேலி காப்புரிமை. 1970-ம் ஆண்டுச் சட்டப்படி, முன்பே அச்சில் வந்துவிட்டது பொதுவாகப் புதியதல்ல. ஆசிரியருக்கோ கட்டுரை அச்சேறினால்தான் பதவி உயர்வு. முந்தி அச்சிட்டால் உரிமை போகும். காத்திருந்தால் உயர்வு தள்ளிப்போகும். 2021-ல் கல்வி நிலையங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். சந்தோஷம். ஆனால் கட்டணம் சில்லறைச் செலவு, சோதனைதான் பெருஞ்செலவு.

மூன்றாவது வேலி மூலதனம். அடுப்புச் சாம்பலைக் கத்தரிச் செடியில் தூவுவது நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ கண்ட வழி. மலிவான, எவரும் அள்ளக்கூடிய பொருளிலே ஏகபோகம் ஏது? ஏகபோகம் இல்லாத இடத்தில் முதலாளி பணம் போடுவானா?

ஆய்வுக்கூடத்துக்கும் உற்பத்திக்கும் பாலம் போடவென்றே 1953-ல் மத்திய சர்க்கார் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. ஆகவே வழி தெரியாமல் இல்லை. லாபம் குறைந்த, ஆனால் ஏழை வயலுக்கு உதவுகிற கண்டுபிடிப்புகளைப் பொதுப் பணத்தில் சோதித்து, பலன் உண்டா, கேடு உண்டா என்று முடிவு சொல்ல வேண்டும். தேறினால் ஊருக்குக் கொடுக்கட்டும். தேறாவிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும்!

சுரங்கம் பொதுத்துறை. பல்கலைக் கழகத்தையும் 2013-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. சாம்பல் உங்கள் உழைப்பின் மிச்சம். வயலில் இறங்குவது நம் மக்கள். இவற்றை இணைக்கும் செலவை மட்டும் ஒரு வாத்தியாரின் தலையில் கட்டுவது நியாயமா? பொதுப் பணத்தில் பிறந்த அறிவு அலமாரியில் தூங்கக் கூடாது என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்போம், தோழர்களே!